மைப்புட்டி மேல் வெங்காயம்

இரண்டு வருஷமாக என் நாற்று மஞ்சள் பிடித்துச் செத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இருக்க வேண்டிய இடத்தில், அணைந்த ஊதுவத்தி நுனி மாதிரி ஒரு கறுப்பு. ஏரிக் கால்வாயில் கடைசி மடை என்னுடையது. ஏரிக்கும் என் கழனிக்கும் நடுவில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த துரைராஜ் பட்டு நூல் அவித்துச் சாயம் போடுகிற பட்டறை வைத்திருந்தான். சவுக்காரத் தண்ணீர், சாயத் தண்ணீர் எல்லாம் கால்வாயில்தான் விழும். பட்டறை ஓரத்தில் ஒருநாள் சிவப்பு, ஒருநாள் பச்சை. என் மடைக்கு வந்து சேர்வதற்குள் நிறமெல்லாம் தெளிந்து, பார்வைக்கு இளநீர் மாதிரி ஆகிவிடும். அது துரைராஜுக்குச் சௌகரியம்.

"இன்னா பெரியவரே, கண்ணாடி மாதிரி கீது தண்ணி. இதுல இன்னா குத்தம் கண்டே?" என்பான்.

ஒரு ஆபீசர் வந்தார். பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். பட்டறையில் கோழி பிரியாணி சாப்பிட்டார். பாட்டிலை அங்கேயே மறந்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து, தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று டைப் அடித்த காகிதம் வந்தது. அன்றிலிருந்து பாட்டிலோடு வருகிற யாரையும் நான் நம்புவதில்லை. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். எழுத்து தெரியும். எழுத்தைக் காட்டி ஏமாற்றுகிறவனையும் தெரியும்.

இது நடந்தது எண்பத்தேழாம் வருஷம், தை மாசம். என் வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மூட்டை விதை நெல். அதுவும் இந்தத் தண்ணீரில் போனால் அந்த வருஷத்துக்குச் சோறு கிடையாது. பஞ்சாயத்து பிரசிடெண்ட் மணவாளனிடம் போய், கழிவைக் கால்வாயில் விடக்கூடாது என்று சொல்லச் சொன்னேன்.

"சாட்சி இன்னா கீது சின்னராசண்ணே? ஆபீசர் காயிதம் அவன் கையில கீது. உன் கையில இன்னா கீது?" என்றார்.

"செத்த நாத்து கீது."

"அது பூச்சின்னுவான், உரம் போடலன்னுவான்."

பத்து நாள் கழித்து அவரே ஒரு பெண்ணை என் கழனிக் கொட்டாய்க்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பேர் லீலாவதி. காஞ்சிபுரத்தில் ஏதோ காலேஜில் செடி கொடியைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறாளாம். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் இருபது காலி மைப்புட்டிகள், ஒரு பொட்டலம் சாம்பார் வெங்காயம்.

"சாம்பார் வைக்கப் போறியாம்மா?" என்றேன்.

"இல்ல தாத்தா. தண்ணிய சோதிக்கப் போறேன்."

"தண்ணிய சோதிக்க வெங்காயமா? புளி, மொளகா ஒண்ணும் வாணாமா?"

அவள் சிரிக்கவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து, அடியில் காய்ந்திருந்த பழைய வேரை பிளேடால் சுரண்டி, மைப்புட்டியின் வாய்மேல் உட்கார வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"அடி மட்டும் தண்ணியைத் தொடணும். ரெண்டு நாள்ல புது வேர் விடும். தண்ணியில கெட்டது இருந்தா வேர் நீளாது. கட்டையா நின்னுடும், நுனி கருகிடும். அஞ்சாம் நாள் ஸ்கேல் வச்சு அளந்து பார்த்தா தெரிஞ்சிடும்."

ஆபீசர் கதையை அவளிடம் சொன்னேன். 

"வெங்காயத்துக்கு யாரும் பிரியாணி போட முடியாது தாத்தா" என்றாள். அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

இரண்டு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்து வந்தாள். ஒன்று பட்டறைக்கு மேலே, ஏரியிலிருந்து வருகிற தண்ணீர். இன்னொன்று பட்டறைக்குக் கீழே, என் மடையில் வருகிற தண்ணீர். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. ஒரு கேனில் 'மே' என்று எழுதிக் காகிதம் ஒட்டினாள், இன்னொன்றில் 'கீ'. இரண்டு பலகை போட்டு, பலகைக்குப் பத்துப் புட்டி வைத்து, பலகைக்கும் அதே மாதிரி காகிதம் ஒட்டினாள். மைதா பசை.

"தெனம் காலைல புட்டியில தண்ணி கொறைஞ்சிருக்கும். 'மே' கேன்ல இருந்து 'மே' பலகைக்கு, 'கீ' கேன்ல இருந்து 'கீ' பலகைக்கு. மாத்தி ஊத்திடாதீங்க. அஞ்சாம் நாள் வந்து அளந்து, மறுநாள் பஞ்சாயத்துல எல்லார் முன்னாடியும் படிச்சிடறேன்."

சரி என்றேன். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மாட்டுக்குப் புல் அறுக்க நானும் அந்தப் பக்கம் போனேன். பட்டறையை ஒட்டின துரைராஜ் வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்து, டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். துரைராஜ் பெண்சாதி ஏலவார்குழலி பக்கத்தில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆபீசருக்குப் பிரியாணி, இவளுக்குக் காப்பி. ஆள்தான் வேறு, பட்டறை அதே பட்டறை. வெங்காயத்துக்கு பிரியாணி போட முடியாதாம்!

புல் அறுக்கவில்லை. நேரே கொட்டாய்க்குத் திரும்பினேன். பசை இன்னும் காயவில்லை. நான்கு காகிதங்களையும் கிழியாமல் உரித்து, கேனுக்குக் கேன், பலகைக்குப் பலகை மாற்றி ஒட்டினேன். இப்போது 'கீ' என்று இருப்பதில் சுத்தமான ஏரித் தண்ணீர். 'மே' என்று இருப்பதில் துரைராஜின் தண்ணீர்.

கஞ்சி கொண்டுவந்த அம்முலு, என் பெண்சாதி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாயா பண்ணிக்கினு கீற?"

"பொறி வைக்கிறேன். 'கீ' தண்ணியில வேரு நல்லாத்தான் கீது, ஒரு குத்தமும் இல்லைன்னு அவ பஞ்சாயத்துல படிப்பா பாரு. அப்ப நான் எய்ந்திரிச்சு, ஏம்மா, அது ஏரித் தண்ணியாச்சே, கையும் களவுமா மாட்டினியான்னு கேப்பேன்."

"இன்னாவோ பண்ணு. கஞ்சியக் குடி" என்றாள்.

ஐந்து நாளும் ஒரு சொட்டுத் தப்பாமல் ஊற்றினேன். அந்த விஷயத்தில் நான் யோக்கியன். மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. 'கீ' பலகையில் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாம் நாள் பத்துப் புட்டியிலும் சாமியார் தாடி. 'மே' பலகையில் மூன்று நாள் மழிக்காத மோவாய் மாதிரி, சொரசொரவென்று பழுப்பாக நின்றுவிட்டது. நாற்றுக்கு எது நடந்ததோ அதையேதான் வெங்காயமும் காட்டியது.

லீலாவதி வந்தாள். பலகை முன்னால் குந்தினாள். முகம் மாறியது. காகிதத்தைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள், திரும்பவும் காகிதத்தைப் பார்த்தாள். நான் வாசலில் பீடி பற்ற வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் கவனித்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், யாரோ அடித்த மாதிரி இருந்தாள்.

ஒவ்வொரு வெங்காயமாக எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினாள். எழுதி முடித்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து அளந்தாள்.

"இன்னாம்மா, வெங்காயம் இன்னா சொல்லுது?"

"கீழத் தண்ணியில நாலரை சென்டிமீட்டர். மேலத் தண்ணியில ஒண்ணு கூட இல்ல." அவள் குரல் இறங்கியிருந்தது. "நான் தலைகீழா வரும்னு நெனச்சேன் தாத்தா. உங்க நாத்தைப் பார்த்தப்பவே பட்டறைத் தண்ணிதான்னு நெனச்சேன். ஆனா ஸ்கேல் சொல்றதைத்தானே எழுத முடியும்? என் இஷ்டத்துக்கு எழுதினா நானும் அந்த ஆபீசர் மாதிரிதான்."

அவள் போன பிறகு அம்முலுவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ், பொய் எழுதறவளா இருந்தாலும் 'கீ' நல்லா கீதுன்னுதான் எழுதுவா. நெஜம் எழுதறவளா இருந்தாலும் நீ மாத்தி வச்சதுக்கு அதையேதான் எழுதுவா. இதுல எவள நீ புடிப்ப?"

எனக்குப் பீடி அணைந்துவிட்டது. 

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கவே இல்லியே. கஞ்சி குடின்னதுக்கே மூஞ்சியத் தூக்கினே."

யோக்கியமான பெண்ணுக்குப் பொறி வைத்து, அதில் என் காலே மாட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு அவள் படித்தால் துரைராஜுக்கு இரண்டாவது காகிதம். என் கடைசி மூட்டை விதை நெல்லுக்குக் கொள்ளி. அப்போதே ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் அவளிடம் சொல்லியிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டினேன். மாட்டும்போதுதான் வேறு யோசனை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீஸில் ஊரே கூடியது. வெங்காயம் சாட்சி சொல்கிறதாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பாதி. டீக்கடை சுப்பிரமணி கடையைச் சாத்திவிட்டே வந்திருந்தான். மேஜைமேல் இரண்டு பலகை, இருபது புட்டி, இரண்டு கேன். லீலாவதி நோட்டைப் பார்த்துப் படித்தாள். பட்டறைக்குக் கீழே உள்ள தண்ணீரில் வேர் நன்றாக வளர்ந்திருக்கிறது, மேலே உள்ள தண்ணீரில் வளரவில்லை.

துரைராஜுக்கு வாயெல்லாம் பல். எழுந்து நின்று, ஒரு வெங்காயத்தைப் புட்டியோடு தூக்கிக் காட்டினான்.

"பாருங்கய்யா தாடிய! ரெண்டு வருசமா இந்தப் பெரியவரு என்னியப் போட்டு பேஜார் பண்ணாரு. இன்னிக்கு வெங்காயமே சொல்லிடிச்சி."

நான் எழுந்தேன். குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினேன். "துரைராஜு, நான் படிக்காதவன். இந்த வெங்காயச் சோதனைய நம்பலாமா?"

"இன்னா பெரியவரே இப்படிக் கேக்கற? காலேஜ் படிப்பு. இதுக்கு மேல இன்னா வோணும்?"

"வேரு இன்னா சொல்லுதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படணும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"கட்டை வேரு உன் தண்ணியில வந்திருந்தா?"

ஜெயித்தவனுக்குக் கை தாராளம். "என் தண்ணியில வந்திருந்தா, என் சொந்த எடத்துல குழி வெட்டி கழிவ அதுல வுட்டிருப்பேன். ஒரு சொட்டு கால்வாய்ல வுட மாட்டேன். போதுமா?"

"பிரசிடெண்ட், அதத் தீர்மானப் புஸ்தகத்துல எய்து."

மணவாளன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் எழுதினார். துரைராஜ் பெரிய மனசோடு கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். மை காயட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன்.

"இப்ப சொல்றேன். அந்தக் காயிதம் நாலையும் மாத்தி ஒட்டினது நான்தான். தாடி வச்சது ஏரித் தண்ணி. கட்டையா நின்னது உன்னுது."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"கெய்வன் பொய் சொல்றான்!" என்று துரைராஜ் மேஜையைத் தட்டினான். புட்டிகள் குலுங்கின. "தோத்துட்டு கதை கட்டறான்!"

"நான் பார்த்தேன்" என்றாள் அம்முலு. "பசை காயறதுக்குள்ள உரிச்சாரு."

"உன் புருசனுக்கு நீ சொல்லாம வேற எவ சொல்லுவா?"

லீலாவதி என் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. அழுகையா கோபமா என்று தெரியவில்லை. கோபம்தான்.

"ஏன் தாத்தா அப்படிச் செஞ்சீங்க?"

"நீ அவன் வூட்ல காப்பி குடிச்சே."

"பஸ்ஸுக்குப் போயிட்டு இருந்தேன். வெயில்ல நடக்கறேன்னு அந்தம்மா கூப்பிட்டுக் குடுத்தாங்க. ஒரு காப்பிக்கு நான் பொய் எழுதுவேனா?"

அவள் நோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினாள்.

"என் ப்ரொபசர்கிட்ட நான் இதைக் காட்டணும். காகிதத்தை மாத்தினது நீங்கன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஒரே காலையில் இரண்டாவது கையெழுத்து. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, எழுத்துக் கூட்டி எழுதினேன்: 'காகிதம் மாற்றியது நான். அந்தப் பெண்மேல் தப்பு இல்லை. சின்னராசு.' இரண்டாவது வரியை அவள் கேட்கவில்லை. நானாகப் போட்டேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு நான் தாத்தா இல்லை, 'அவரு'.

மணவாளன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, கையெழுத்து ரெண்டு பேரும் போட்டாச்சி. மறுபடியும் மொதல்ல இருந்து வைக்கலாம். யாரு வூட்ல வைக்கறது?"

"என் பட்டறையில வைங்க" என்றான் துரைராஜ். கூட்டம் சிரித்தது. "என் கொட்டாய்ல" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தது. பிரசிடெண்ட் வீட்டில் என்றால், அவர் பெண்ணின் கல்யாணப் புடவைக்கு நூல் சாயம் போட்டதே துரைராஜ்தான் என்று ஒருவன் எடுத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் என்றால் பசங்க தின்றுவிடும் என்றார் வாத்தியார்.

சுப்பிரமணிதான் சொன்னான். "யார் மேலயும் யாருக்கும் நம்பிக்கை இல்ல. அவங்கவங்க வூட்ல அவங்கவங்க வச்சிக்கினா இன்னா? தண்ணியையும் அவங்கவங்களே மொண்டுக்கட்டும்."

அப்படித்தான் ஆயிற்று. அன்று மாலையே கடையில் சாம்பார் வெங்காயம் தீர்ந்துபோனது. மைப்புட்டி கிடைக்காதவர்கள் தைலப் புட்டியில் வைத்தார்கள். ஒருத்தி பூண்டு வைத்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தாள். லீலாவதி மூன்று நாள் பஸ் ஏறி வந்து, வீடு வீடாகப் போய்ப் புட்டியைக் கழுவச் சொன்னாள், பழைய வேரைச் சுரண்டிக் காட்டினாள். என் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள்.

சுப்பிரமணி தன் இரண்டு புட்டியை பாய்லர் பக்கத்திலேயே வைத்திருந்தான். டீ குடிக்க வருகிறவன் எல்லாம் எலெக்‌ஷன் ரிசல்ட் மாதிரி எட்டிப் பார்ப்பான். "இன்னிக்கு எவ்ளோ?" "ஏரி ஒரு விரக்கடை. பட்டறை இன்னும் கணக்கே தொறக்கல." எதிர் வீட்டுக் கனகாவின் ஆடு, அவள் வைத்த இரண்டு வெங்காயத்தையும் தின்றுவிட்டு, தண்ணீரையும் தட்டிவிட்டுப் போனது. துரைராஜ்தான் ஆட்டை அவிழ்த்துவிட்டான் என்று அவள் தெருவில் நின்று கத்தினாள். அது மட்டும் பொய். ஆடு எப்போதுமே அப்படித்தான்.

ஆறாம் நாள் எல்லாரும் புட்டியோடு பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்தார்கள். முப்பத்தெட்டு வீடு. லீலாவதி வரிசையாக அளந்துகொண்டே போனாள். ஏரித் தண்ணீர் எல்லா வீட்டிலும் தாடி. பட்டறைத் தண்ணீர் எல்லா வீட்டிலும் மோவாய். ஒரு வீடு கூடத் தப்பவில்லை.

துரைராஜ் மட்டும் வெறுங்கையோடு வந்திருந்தான். "என் வூட்ல ரெண்டும் ஒரே நீளம் வந்திச்சி. எடுத்தாரதுக்குள்ள கை தவறி ஒடைஞ்சி பூடுச்சி" என்றான்.

"ஒடையல" என்று பின்னால் ஒரு குரல்.

ஏலவார்குழலி. முந்தானைக்குள்ளிருந்து இரண்டு புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் முழத் தாடி, ஒன்றில் பழுப்பு மொட்டை.

"ரெண்டாம் நாளே பட்டறைப் புட்டியில கெணத்துத் தண்ணிய மாத்தி ஊத்துன்னாரு. சரின்னேன். ஆனா ஊத்தல. நானும் பார்க்கணும் இல்ல? அந்தக் கால்வாய்லதான் என் பசங்களும் குளிக்குதுங்க."

துரைராஜ் பெண்சாதியைப் பார்த்தான். தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"நீ காயிதத்த மாத்தினே. நான் தண்ணிய மாத்தப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான்யா" என்றான்.

"ஒண்ணுதான். ஆனா என் பெண்சாதி கஞ்சிதான் குடுத்தா. உன் பெண்சாதி உனக்கே எதிரா சாட்சி குடுத்துட்டா" என்றேன்.

கூட்டம் சிரித்ததில் அவனுக்கும் உதடு கோணியது. மறுநாளே பட்டறைக்குப் பின்னால் ஆள் வைத்துக் குழி வெட்டினான். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். கால்வாய்க்குப் போகிற வழியைக் கல் வைத்து அடைத்தான். நான் தினமும் போய்க் கரையைக் காலால் மிதித்துப் பார்த்தேன். "கெய்வரே, அதுல நீயே வுழுந்துடப் போற, போ" என்று விரட்டுவான். விரட்டுகிற குரலில் பழைய விஷம் இல்லை. ஆனாலும் நான் நம்பவில்லை.

லீலாவதி கடைசியாக ஒருநாள் நோட்டோடு வந்து, "தாத்தா, இப்ப விதைக்கலாம். தண்ணி சுத்தமாயிடுச்சி" என்றாள். திரும்பவும் தாத்தா ஆகியிருந்தேன். சந்தோஷம்தான். அதற்காக அவள் சொன்னதும் மூட்டையை அவிழ்த்துவிட முடியுமா?

என் மடையிலிருந்து நானே தண்ணீர் மொண்டு, கொட்டாயில் ஒரு புட்டி வைத்தேன். அம்முலு பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைச் சீக்கிரம் விதைக்க வைப்பதற்காக அவள் தண்ணீரை மாற்றிவிட்டால்? அதனால் அவளுக்குத் தெரியாமல் பரண்மேல் இன்னொரு புட்டி வைத்தேன். ஐந்தாம் நாள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் அளந்தேன். இரண்டும் ஒரே தாடி.

அப்புறம்தான் விதை நெல்லை ஊறப் போட்டேன்.